மாணவர்க்கு மாணவராய் வாழ்ந்த மருத்துவ மேதை வில்லியம் ஆஸ்லர்

மருத்துவ உலகில் புகழ் பெற்றோர் பலர். புதிய நோயைக் கண்டு சொன்னவர் சிலர். புதிய மருந்தைக் கண்டு தந்தவர் சிலர். கத்தி பிடிப்பதில் புதுமை செய்தவர் சிலர். வில்லியம் ஆஸ்லர் என்னும் பெரியாரின் பெயரையும் சில நோய்க்குறிகள் தாங்கி நிற்கின்றன. ஆயினும் அவர் பெயர் இன்றும் மருத்துவக் கல்லூரிகளில் ஒலிப்பதற்குக் காரணம் அந்நோய்க்குறிகள் அல்ல. மாணவன் தானே கற்கும் வழியை அமைத்துத் தந்த ஆசான் என்பதே அவருடைய அழியாப் புகழ்.

விலங்கியல் கற்பிக்கும் நான் ஒரு மருத்துவரின் வரலாற்றை எழுதப் புகுந்தது ஏன் என்று மாணவ நண்பர்கள் கேட்கக்கூடும். எங்கள் துறையில் ஓராண்டு படித்துவிட்டு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துச் செல்வோர் அவ்வப்போது உண்டு. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது சிலர் வந்து பார்ப்பார்கள். பள்ளியில் இவர்களை விடியற்காலையில் எழுப்பிவிட ஒருவர் இருந்தார். பாடத்தை ஒப்பிக்கச் சொல்ல ஒருவர் இருந்தார். வாரந்தோறும் தேர்வு வைக்க ஒருவர் இருந்தார். மருத்துவக் கல்லூரியிலோ தலையணை அளவு நூல்கள் முன்னே கிடக்கின்றன. எதை முதலில் படிப்பது, எங்கே நிறுத்துவது, படித்தது மனத்தில் நின்றதா என்று எப்படி அறிவது என்று சொல்வாரில்லை. பள்ளியில் முதல் மாணவராய் விளங்கியவர்களே திகைத்து நிற்கிறார்கள். அவர்களுள் சிலர், தமக்கு இயல்பிலேயே அறிவு போதாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த பிள்ளைகளே இம்முடிவுக்கு விரைந்து வருகிறார்கள் என்பதுதான் என் நெஞ்சை வருத்துவது.

தன்னைத்தானே நெறிப்படுத்திக்கொண்டு கற்கும் ஆற்றல் பிறவியிலேயே வாய்ப்பதா, பிறர் துணையால் வளர்வதா? இவ்வினாவோடுதான் நான் ஆஸ்லரின் வாழ்க்கையைப் படித்தேன். அதில் எனக்குக் கிடைத்த விடையை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

குறும்புக்காரச் சிறுவன்

கனடா நாட்டின் இன்றைய ஒண்டாரியோ மாநிலத்தில் பாண்ட் ஹெட் என்னும் சிற்றூரில் 1849ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 12ஆம் நாள் ஆஸ்லர் பிறந்தார். தந்தையார் முன்னர்க் கடற்படையில் பணி செய்தவர். பின்னர்க் கிறித்தவக் குருவாகிக் காடு திருத்திக் குடியேறிய மக்களிடையே தொண்டாற்ற வந்தவர். பிள்ளைகள் நிறைந்த குடும்பம். 1857இல் அக்குடும்பம் டண்டாஸ் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது.

இளமையில் வில்லியம் கல்வியிற் சிறந்த நல்ல பிள்ளையாய் விளங்கினான் என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மை வேறு. டண்டாஸ் பள்ளியிலிருந்து குறும்புகளுக்காக அவன் நீக்கப்பட்டான். விளையாட்டில் முதல்வன், வம்பிலும் முதல்வன். பள்ளியை விட்டு நீக்கப்பட்ட அந்தச் சிறுவன், பின்னாளில் பேரறிஞன் ஆனது எவ்வாறு? அவன் அறிவு இடையில் மாறியிருக்க முடியாது. மாறியது அவனைச் சூழ்ந்திருந்த மனிதர்களும் அவன் கையில் கிடைத்த கருவிகளும்தான்.

ஆசான்கள் மூவர்

1866இல் வெஸ்டன் என்னும் ஊரிலிருந்த பள்ளியில் ஆஸ்லர் சேர்ந்தார். அதனை நிறுவிய ஜான்சன் பாதிரியார் இயற்கை நூலில் தீராத வேட்கை கொண்டவர். அவர் மாணவரை வகுப்பறையில் அடைத்து வைக்கவில்லை. வயலுக்கும் குளத்திற்கும் அழைத்துச் சென்றார். பாசி படிந்த நீரைக் குப்பியில் கொண்டுவந்து, அதில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் இட்டு, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்க்கச் செய்தார். வெறுங்கண்ணுக்குத் தெளிந்த நீராகத் தெரிந்த அத்துளியில் ஓர் உலகமே உயிர்த்து அசைவதைக் கண்ட சிறுவனுக்கு, அதன்பின் எவரும் படி என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. விடுமுறை நாளிலும் குளக்கரையே அவனுக்குக் கோயிலாயிற்று. 1869இல் அச்சேறிய ஆஸ்லரின் முதற் கட்டுரையும் நுண்ணோக்கியைப் பற்றியதே.

இரண்டாம் ஆசான் டொராண்டோ நகரத்து ஜேம்ஸ் போவெல். தந்தையாரைப் போலக் குருவாக வேண்டும் என்று 1867இல் அந்நகரின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்த ஆஸ்லர், மறு ஆண்டே மருத்துவத்திற்கு மாறினார். போவெல் தம் வீட்டையும் நூலகத்தையும் அவருக்குத் திறந்துவிட்டார். அவர் வீட்டிலேயே ஆஸ்லர் சில காலம் தங்கிப் படித்தார். மருத்துவம், சமயம், தத்துவம், இயற்கை நூல் எனப் பல துறை நூல்கள் அங்கே இருந்தன. எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். நூலகத்தில் தன் விருப்பம்போல் உலவித் திரிந்த மாணவனுக்குத் தேர்ந்தெடுக்கும் ஆற்றல் தானே வந்தது. பல ஆண்டுகள் கழித்தும், சிந்தனை வேறெங்கோ இருக்கும் வேளைகளில் ஆஸ்லரின் கை தன்னையறியாமல் காகிதத்தில் போவெலின் பெயரை எழுதிக்கொண்டிருக்குமாம்.

டொராண்டோவைவிட மாண்ட்ரியல் நகரத்து மருத்துவமனையில் நோயாளிகளை நெருங்கிப் பார்க்கும் வாய்ப்பு மிகுதி. ஆதலால் 1870இல் ஆஸ்லர் அங்குள்ள மெக்கில் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே மூன்றாம் ஆசான் பாமர் ஹோவர்டு வாய்த்தார். ஐயம் எழுந்தால் ஆசிரியரின் வீட்டுக்குச் சென்று நூல்களை எடுத்துப் பார்க்கலாம். அவரோடு அமர்ந்து வாதிடலாம். 1872இல் பட்டம் பெற்றபோது முதன்மைத் தங்கப் பதக்கம் ஆஸ்லருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் தாமே செய்த பிணப் பரிசோதனைகளின் அடிப்படையில் எழுதி, தாமே ஆக்கிய நுண்ணோக்கித் தகடுகளோடு அளித்த ஆய்வுரைக்குத் தனிப் பரிசு கிடைத்தது. பிறர் வைத்த தேர்வில் முதல்வராகாத ஒருவர், தாமே தேர்ந்துகொண்ட வேலையில் முதல்வரானார் என்பதை மாணவ நண்பர்கள் நினைவிற் கொள்ளுதல் நலம்.

1892இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்ற தம் மருத்துவப் பாடநூலை ஆஸ்லர் இம்மூவருக்கே உரிமையாக்கினார். தாமாகவே முளைத்துத் தாமாகவே வளர்ந்ததாக அவர் ஒருபோதும் எண்ணிக்கொள்ளவில்லை.

இன்றைய நாளும் இன்றைய பாடமும்

மாணவப் பருவத்தில் ஆஸ்லரையும் எதிர்காலக் கவலை பிடித்தாட்டியது. தேர்வில் தேறுவோமா, எங்கே தொழில் செய்வோம், எப்படி வாழ்வோம் என்ற எண்ணங்கள் உறக்கத்தைக் கெடுத்தன. 1871ஆம் ஆண்டுக் கோடையில் கார்லைல் என்னும் ஆங்கில எழுத்தாளரின் ஒரு கருத்து அவர் கண்ணிற் பட்டது. தொலைவில் மங்கலாய்த் தோன்றுவதைப் பார்த்து மலைக்காமல், கைக்கெட்டிய வேலையைச் செய்வதே நம் கடன் என்பது அதன் சாரம். அக்கருத்து அவரை வாழ்நாள் முழுதும் நடத்தியது. 42 ஆண்டுகள் கழித்து, 1913இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மாணவரிடையே பேசியபோதும் அவர் அதையே எடுத்துரைத்தார். பெருங்கப்பலில் ஓர் அறைக்குள் நீர் புகுந்தால் மற்ற அறைகளுக்குப் பரவாமல் இரும்புக் கதவுகளை மூடிவிடுவார்கள் அல்லவா? அதுபோல நேற்றையும் நாளையையும் கதவடைத்துவிட்டு, இன்று என்னும் அறையில் இருந்து வேலை செய்யப் பழக வேண்டும் என்பது அவருடைய அறிவுரை.

இது வெறும் அறிவுரையாய் நிற்கவில்லை, நாளொழுங்காகவே மாறிற்று. குறித்த வேளையில் குறித்த வேலை என்பதில் அவர் கண்டிப்பானவர். உறங்கப் போகுமுன் அரைமணி நேரம் இலக்கியம் படிப்பது அவர் வழக்கம். மருத்துவ மாணவரின் படுக்கையருகே இருக்க வேண்டிய நூல்கள் என்று பத்து நூல்களையும் அவர் பட்டியலிட்டுத் தந்தார். நாளொன்றுக்கு அரைமணி சிறிதுதான். ஆண்டு முழுவதும் தவறாமல் அமைந்தால் அது 180 மணிக்கு மேலாகிறது.

ஊதியத்தில் வாங்கிய நுண்ணோக்கிகள்

பட்டம் பெற்றபின் ஈராண்டுக் காலம் இலண்டன், பெர்லின், வியன்னா நகரங்களில் ஆஸ்லர் பயின்றார். இலண்டன் ஆய்வுக்கூடத்தில் இரத்தத் தட்டணுக்களைக் குறித்து அவர் செய்த ஆய்வு 1874இல் வெளிவந்தது. அவ்வாண்டே மெக்கில் பல்கலைக்கழகம் அவரை விரிவுரையாளராக அழைத்துக்கொண்டது. மறு ஆண்டு பேராசிரியரானார். அப்போது அவர் வயது இருபத்தாறு.

வகுப்பில் நின்ற இளம் பேராசிரியருக்கு ஒரு குறை தென்பட்டது. மாணவர் நுண்ணோக்கியைப் பற்றிக் கேட்டார்களே தவிர, கையால் தொட்டு அறிந்தவர் அரிது. மருத்துவமனையின் பெரியம்மை வார்டில் பணிசெய்ய அந்நாளில் பலர் அஞ்சினர். அப்பணியை ஆஸ்லர் ஏற்றார். அந்நோய் அவரையும் தொற்றியது. நல்வினைப் பயனாக இலேசாகக் கண்டு விலகிற்று. அந்த வார்டில் உழைத்ததற்குக் கிடைத்த ஊதியத்தைக் கொண்டு பாரிசிலிருந்து நுண்ணோக்கிகளை வரவழைத்து மாணவர் கையில் கொடுத்தார். வெளிநாட்டு மருத்துவ இதழ்களைத் தனித்தனியே வாங்கப் பொருள் இல்லாத நண்பர்களைச் சேர்த்து, கூட்டாக வாங்கிச் சுற்றுக்கு விட்டுப் படிக்க ஒரு கழகமும் அமைத்தார்.

மாணவர் தாமே கற்க வேண்டும் என்று மேடையில் முழங்குவது எளிது. கருவியும் நூலும் கையிலே இல்லாதவன் எதைக் கொண்டு கற்பான்? இதை உணர்ந்து, தம் ஊதியத்தையே எடுத்துக் கொடுத்த செயல் ஒன்றே ஆஸ்லரை ஆசான் என்று போற்றப் போதுமானது என்பேன்.

பிணவறையின் தீர்ப்பு

கற்பவனுக்குத் தான் கற்றது சரியா என்று தெரிந்தாக வேண்டும். பாடம் புரிந்துவிட்டது போலத் தோன்றுவது வேறு. உண்மையிலேயே புரிவது வேறு. இந்த வேறுபாட்டை ஆஸ்லருக்குக் காட்டியது பிணவறை. 1876 முதல் 1884 வரை மாண்ட்ரியல் பொது மருத்துவமனையில் ஏறத்தாழ 800 பிணப் பரிசோதனைகளை அவர் தம் கையாலேயே செய்தார். உயிரோடிருந்தபோது மருத்துவர் கணித்த நோய் ஒன்றாக இருக்கும்; மேசையில் கிடக்கும் உடல் சொல்லும் உண்மை வேறொன்றாக இருக்கும். அங்கே பதவிக்கும் பட்டத்திற்கும் மதிப்பில்லை.

மாணவருக்கும் அவர் இதே வழியைக் காட்டினார். ஒவ்வொருவரும் குறிப்பேடு வைத்திருக்க வேண்டும். பார்த்த நோயாளிகளை மூன்று வகையாகப் பிரித்து எழுத வேண்டும். தெளிவாக விளங்கியவை ஒரு வகை. ஐயத்திற்கு இடமானவை ஒரு வகை. தவறாகக் கணித்தவை ஒரு வகை. மூன்றாம் வகையை மறைக்காமல் எழுதுபவனே வளர்வான் என்பது அவர் கொள்கை. அக்குறிப்பேட்டைத் திருத்தும் ஆசிரியர் வேறு எவரும் இல்லை. எழுதியவனே அதன் ஆசிரியன்.

நோயாளியின் கட்டிலருகே

1884இல் பிலடெல்பியா நகரத்துப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திற்கும், 1889இல் பால்டிமோர் நகரில் புதிதாகத் திறக்கப்பெற்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கும் ஆஸ்லர் சென்றார். மருத்துவமனை எழுந்துவிட்டது, மருத்துவக் கல்லூரிக்கோ பணம் இல்லை. மேரி காரெட் என்னும் அம்மையாரும் அவர்தம் தோழியரும் பெருநிதி திரட்டித் தந்தனர். ஆடவர்க்கு நிகராகப் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்பது அவர்கள் விதித்த நிபந்தனைகளுள் ஒன்று. 1893இல் கல்லூரி திறந்தபோது சேர்ந்தவர் 18 பேர். அவர்களுள் 3 பேர் பெண்கள்.

அமெரிக்காவில் அந்நாளில் மருத்துவ மாணவன் பெரும்பாலும் அரங்கில் அமர்ந்து சொற்பொழிவு கேட்டே பட்டம் பெற்றான். நோயாளியைத் தொடாமலே மருத்துவனாகிவிடலாம். ஆஸ்லர் மாணவரை வார்டுக்குள் கொண்டுவந்தார். இது முழுக்க அவர் கண்ட புதுமை அன்று. பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் முன்பே இருந்த வழக்கத்தை அமெரிக்க மண்ணில் வேரூன்றச் செய்தார் என்பதே பொருந்தும். மூன்றாம் ஆண்டில் புறநோயாளிகளைப் பார்க்க வேண்டும். அங்கே எழும் ஐயம் ஒவ்வொன்றும் ஒரு மாணவனிடம் ஒப்படைக்கப்படும். அவன் நூலகத்தில் தேடிப் படித்து வந்து அடுத்த வகுப்பில் சொல்ல வேண்டும். நான்காம் ஆண்டில் ஒவ்வொருவருக்கும் சில கட்டில்கள் உரியவை. அக்கட்டில்களில் இருப்போரின் நோய் வரலாற்றை எழுதுவதும், இரத்தத்தையும் சிறுநீரையும் சோதிப்பதும், நாள்தோறும் மாற்றங்களைக் குறிப்பதும் அவன் பொறுப்பு. பேராசிரியர் வரும்போது கட்டிலருகே நின்று விடை சொல்ல வேண்டியவனும் அவனே.

தேர்வுக்காகப் படிக்கும் பாடத்தை நாளைக்குத் தள்ளிப் போடலாம். காய்ச்சலில் கிடக்கும் ஒரு மனிதர் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த மாணவன் படிப்பைத் தள்ளிப் போடுவான்? படி என்று அதட்டும் வேலையை ஆஸ்லர் நோயாளியிடமே விட்டுவிட்டார் எனலாம்.

சனிக்கிழமை மாலைகளில் அவர் இல்லத்தில் மாணவர் கூடுவர். உணவு உண்டு, உரையாடல் உண்டு, பழைய மருத்துவ நூல்களைக் கையில் எடுத்துக் காட்டுவதும் உண்டு. பக்கத்து வீட்டில் குடியிருந்த இளம் மருத்துவர் சிலருக்குத் தம் வீட்டுச் சாவியையே கொடுத்திருந்தார். வேண்டிய வேளையில் அவர்கள் நூலகத்துக்குள் வந்து படிக்கலாம். போவெல் தமக்குத் திறந்த கதவை ஆஸ்லர் மூடவே இல்லை. நம் வள்ளுவப் பெருந்தகை கல்வியைப் பாடியதோடு அமையாமல், கேள்விக்கென்றும் தனி அதிகாரம் வகுத்ததன் நுட்பம் இங்கே விளங்குகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹாப்கின்சில் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள். பிரெஞ்சும் ஜெர்மனும் படிக்கத் தெரிந்தவர்கள். எண்ணிக்கையிலும் மிகச் சிலர். நூற்றுக்கணக்கானோர் ஒரே வகுப்பில் அமரும் இடத்தில் அம்முறையை அப்படியே நடத்த இயலாது. ஆனால் அதன் உயிர்நாடியை எங்கும் பின்பற்றலாம். அதற்குச் சான்றும் கனடாவிலேயே உண்டு. ஆஸ்லர் வளர்ந்த டண்டாஸ் இன்று ஹாமில்டன் மாநகரின் ஒரு பகுதி. அந்நகரின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969இல் முதல் மருத்துவ மாணவரைச் சேர்த்தபோது, சொற்பொழிவைக் குறைத்து, நோயாளியின் சிக்கல் ஒன்றைச் சிறு குழுவிடம் கொடுத்து, வேண்டியதை அவர்களே தேடிக் கற்கும் முறையைத் தொடங்கியது. அம்முறை பின்னர் உலகெங்கும் பரவிற்று.

இறுதிக் காலம்

1905இல் ஆஸ்லர் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1911இல் பட்டமும் சிறப்பும் வந்தன. 1917இல் ஒரே மகன் ரெவர் முதல் உலகப் போரில் மாண்டான். அத்துயரிலிருந்து தந்தை மீளவே இல்லை. எனினும் தம் நூல்களை வகைப்படுத்திப் பட்டியலிடும் வேலையை நோயிலும் தொடர்ந்தார். 1919 டிசம்பர் 29ஆம் நாள் தம் எழுபதாம் வயதில் மறைந்தார். ஏறத்தாழ 8,000 நூல்கள் கொண்ட அவரது நூலகம் அவர் விருப்பப்படி மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்து, 1929இல் திறக்கப்பெற்றது. அவருடைய சாம்பலும் அங்கேயே வைக்கப்பட்டுள்ளது. மாணவரை வார்டுக்குள் அழைத்துச் சென்று கற்பித்தவன் என்பதைத் தவிரத் தம் கல்லறையில் வேறெதுவும் பொறிக்க வேண்டியதில்லை என்று அவர் கூறியிருந்தார்.

நாம் கொள்ள வேண்டுவது

தானே கற்பவன் மூன்று படிகளைக் கடக்கிறான் என்று பாரி சிம்மர்மன் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் விளக்கினார். முன்கூட்டித் திட்டமிடுவது முதற்படி. கவனம் சிதறாமல் செய்வது இரண்டாம் படி. செய்ததைத் திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொள்வது மூன்றாம் படி. ஆஸ்லரின் நாளொழுங்கும், வார்டுப் பணியும், மூவகைக் குறிப்பேடும் இம்மூன்று படிகளே அல்லவா?

ஆனால் படிகள் இருந்தால் மட்டும் போதாது. ஏறத் தொடங்குபவனுக்குக் கைகொடுப்பார் வேண்டும். வியப்பை ஊட்டும் ஆசிரியர், திறந்திருக்கும் நூலகம், கையில் ஒரு கருவி, தன்னை நம்பி ஒப்படைத்த ஒரு பொறுப்பு, தவறைக் காட்டும் ஓர் உரைகல், உடன் பேச நான்கு நண்பர்கள். இவை வாய்த்தபோது பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட குறும்பன் மேதையானான். இவை வாய்க்காதபோது முதல் மாணவனும் தடுமாறுவான். அத்தடுமாற்றத்தை அறிவின்மை என்று எண்ணி ஒரு மாணவனோ மாணவியோ மனம் ஒடிந்து போவது பெருங்கொடுமை. எது குறைகிறது என்று கண்டறிந்து, அதைக் கேட்டுப் பெறுவதே செய்யத்தக்கது.

மாணவ நண்பர்களே! மருத்துவம் பயில்வோர்க்கு மட்டும் உரிய பாடம் அன்று இது. ஒரு குறிப்பேடு வாங்குங்கள். புரிந்தது, ஐயமானது, தவறியது என்று மூன்றாகப் பிரித்து இன்றே எழுதத் தொடங்குங்கள். இதழ் ஒன்றை நால்வர் சேர்ந்து வாங்கிப் படியுங்கள். உடன் பணியாற்றும் ஆசிரியப் பெருமக்களே! நம் பூட்டிய அலமாரிகளில் நுண்ணோக்கிகளும் நூல்களும் இருக்கின்றன. தேய்ந்துவிடும் என்று அஞ்சி அவற்றைக் காத்து வைப்பதைவிட, மாணவர் கைபட்டுத் தேயவிடுவது மேல். எங்கள் துறை ஆய்வுக்கூடத்தின் சாவி வெள்ளிக்கிழமை மாலைகளில் ஐந்தரை மணி வரை என்னிடம் இருக்கும். குளத்து நீர் ஒரு குப்பி கொண்டுவருவோர் எந்தத் துறையினராயினும் வரலாம்.